கோபம் வீரர் மீது, முடிவு உரிமையாளர் கையில்: இந்திய விளையாட்டில் ரசிகரின் குரலுக்கு இடம் எங்கே?

புது தில்லி: இந்தியன் பிரீமியர் லீக் எனப்படும் ஐபிஎல் கிரிக்கெட் தொடரின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. போட்டிகளைக் கோடிக்கணக்கான ரசிகர்கள் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையின் விலையே அந்தத் தொகை. ஆனால், அந்த ரசிகர்கள் தாங்கள் ஆதரிக்கும் அணியின் தலைவர் யார், பயிற்சியாளர் யார், அணியின் பெயர் என்ன என்பன பற்றி முறைப்படி கருத்துச் சொல்வதற்கு எந்த வழியும் இல்லை.

வழி இல்லாததால் கருத்து மௌனமாகிவிடுவதில்லை. அது மைதானத்தில் கூச்சலாகவும் சமூக வலைதளங்களில் வசையாகவும் வெளிப்படுகிறது. அப்போது அது சென்று சேரும் இடம் பெரும்பாலும் முடிவெடுத்த நிர்வாகமாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கும் வீரராகவே இருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, கொச்சி, பெங்களூரு ஆகிய நகரங்களில் நடந்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்த உண்மை தெளிவாகிறது. ரசிகர்கள் ஒரு மன்றமாகவோ அமைப்பாகவோ திரண்ட இடங்களில் அவர்களது கோபம் நிர்வாகத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. சில நேரங்களில் முடிவுகளையும் மாற்றியிருக்கிறது. அப்படித் திரள வழியில்லாத இடங்களில் தனிமனிதர்களே அதன் இலக்காகியுள்ளனர்.

வான்கடேயில் எழுந்த எதிர்ப்பு

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஹர்திக் பாண்டியாவின் 2024-ஆம் ஆண்டு அனுபவம். 2023 டிசம்பர் 15-ஆம் தேதி, மும்பை இந்தியன்ஸ் அணியின் தலைவராக அவர் அறிவிக்கப்பட்டார். அதுவரை அப்பொறுப்பில் இருந்த ரோஹித் சர்மா, அந்த அணிக்கு ஐந்து முறை கோப்பையை வென்று தந்தவர். குஜராத் டைட்டன்ஸ் அணிக்கு 2022-இல் கோப்பையை வென்று கொடுத்த பாண்டியாவை மீண்டும் அழைத்து வந்து தலைவராக்கியது அணி நிர்வாகத்தின் முடிவு.

ஆனால், அந்த முடிவுக்கான எதிர்ப்பு முழுவதையும் எதிர்கொண்டவர் பாண்டியா. 2024 மார்ச் மாதம் அகமதாபாத்தில் தொடங்கிய கேலிக் கூச்சல், ஏப்ரல் 1-ஆம் தேதி அவரது சொந்த மைதானமான வான்கடேயிலும் ஒலித்தது. டாஸ் போடும்போது வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர், கண்ணியமாக நடந்துகொள்ளுமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. எல்லைக்கோட்டருகே நின்றிருந்த ரோஹித் சர்மாவே, கூச்சலை நிறுத்துமாறு கைகாட்டினார்.

அந்தப் பருவத்தில் மும்பை அணி விளையாடிய 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று கடைசி இடத்தைப் பிடித்தது. தலைவர் மாற்றம் சரியா, தவறா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், அந்த விவாதத்தில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்களை ரசிகர்களால் எட்ட முடியவில்லை. அவர்களுக்கு எட்டியது, டாஸ் போட நடந்து வந்த ஒருவரின் காது மட்டுமே.

மூன்று மாதங்களுக்குள் காட்சி மாறியது. 2024 ஜூன் 29-ஆம் தேதி பார்படாஸில் நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், தென் ஆப்பிரிக்காவின் வெற்றிக்குக் கடைசி ஓவரில் 16 ரன்கள் தேவைப்பட்டன. அந்த ஓவரை வீசியவர் பாண்டியா. முதல் பந்திலேயே டேவிட் மில்லரின் விக்கெட் வீழ்ந்தது. இந்தியா 7 ரன்கள் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. ஜூலை 4-ஆம் தேதி மும்பையில் வெற்றி ஊர்வலம் முடிந்து வீரர்கள் வான்கடே மைதானத்துக்கு வந்தபோது, அதே அரங்கு அவரது பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

ரசிகர்களின் மனம் மாறியதை மன்னிப்பு என்று மகிழ்வோர் உண்டு. எனினும், ஒரு கேட்ச் நழுவியிருந்தால், ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எழாமல் இல்லை. நிர்வாகம் எடுத்த முடிவுக்கான தீர்ப்பு, ஒரு தனிமனிதரின் ஆறு பந்துகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

விமர்சனம் வசையாக மாறும் இடம்

பாண்டியாவுக்கு எதிரான கூச்சலாவது விளையாட்டைச் சார்ந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தது. வேறு சில நேரங்களில் அந்த எல்லையும் கடக்கப்பட்டுள்ளது. 2021 அக்டோபர் 24-ஆம் தேதி துபாயில் நடைபெற்ற உலகக் கோப்பை ஆட்டத்தில், பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அணி முழுவதும் சோபிக்காத அந்த ஆட்டத்துக்குப் பின்னர், வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி மீது மதத்தை முன்வைத்து இணையத்தில் வசைகள் குவிந்தன.

அப்போதைய அணித் தலைவர் விராட் கோலி, ஒருவரை அவரது மதத்தின் பெயரால் தாக்குவது மிக இழிவான செயல் என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பின்னர் கோலியின் கைக்குழந்தைக்கே இணையத்தில் மிரட்டல் விடுக்கப்பட்டு, மும்பை காவல்துறை விசாரணையில் இறங்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டும் இதே கதை தொடர்ந்தது. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி ஆசியக் கோப்பைத் தொடரில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில், இளம் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைத் தவறவிட்டார். இணையத்தில் வசைகள் குவிந்ததோடு, விக்கிபீடியாவில் அவரைப் பற்றிய பக்கமும் விஷமத்தனமாகத் திருத்தப்பட்டது. மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இது குறித்து விளக்கம் கேட்கும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. அதே அர்ஷ்தீப் சிங், 2024 உலகக் கோப்பையில் 17 விக்கெட்டுகளை வீழ்த்தி, தொடரின் அதிக விக்கெட் எடுத்தவர்கள் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

‘அந்தப் பந்தை அங்கே வீசியிருக்கக் கூடாது’ என்பது விமர்சனம். ‘அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று பாருங்கள்’ என்பது வெறுப்பு. டிக்கெட் வாங்கிய பார்வையாளருக்கு முன்னதைச் சொல்ல முழு உரிமை உண்டு. பின்னதைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இந்த வேறுபாட்டைப் பேணாமல் ரசிகர் உரிமை பற்றிப் பேசுவது பயனற்றது.

கொல்கத்தா காட்டும் வேறு வழி

ரசிகரின் கோபம் எப்போதும் வீரர் மீதே பாய வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. அதற்குச் சான்று கொல்கத்தா. 1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பகான், 1920-இல் உருவான ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கால்பந்து மன்றங்களும் உறுப்பினர்களால் கட்டமைக்கப்பட்டவை. 1911-ஆம் ஆண்டு ஆங்கிலேய ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை வீழ்த்தி ஐஎஃப்ஏ கேடயத்தை வென்ற மோகன் பகானின் பெயர், வங்கத்தில் ஒரு விளையாட்டு அணியின் பெயராக மட்டும் கருதப்படுவதில்லை.

2020-ஆம் ஆண்டு, மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்குகள் தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்காவின் குழுமத்திடம் சென்றன. அக்குழுமத்தின் ஏடிகே அணியுடன் இணைக்கப்பட்டு, ‘ஏடிகே மோகன் பகான்’ என்ற பெயரில் அணி இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல் தொடரில் களமிறங்கியது. நூறாண்டைக் கடந்த பெயருக்கு முன்னால் ஆறு ஆண்டுகளே ஆன ஓர் அணியின் பெயர் ஒட்டப்பட்டதை ஆதரவாளர்கள் பலர் ஏற்கவில்லை.

‘ஏடிகே-வை நீக்குக’ என்ற முழக்கம் வீதிகளிலும் இணையத்திலும் மைதானத்திலும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. எதிர்ப்பின் இலக்கு உரிமையாளரும் நிர்வாகமும் சூட்டிய பெயராகவே இருந்தது. 2023 மார்ச் 18-ஆம் தேதி கோவாவில் நடைபெற்ற இறுதிப் போட்டியில், பெங்களூரு அணியைப் பெனால்டி முறையில் வென்று கோப்பையைக் கைப்பற்றிய இரவிலேயே, அடுத்த பருவம் முதல் ஏடிகே என்ற முன்னொட்டு நீக்கப்படும் என்று கோயங்கா அறிவித்தார்.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களும் இதே பாதையில் சென்றவர்கள். 2021-ஆம் ஆண்டு, முதலீட்டாளரான ஸ்ரீ சிமெண்ட் நிறுவனத்துக்கும் மன்ற நிர்வாகிகளுக்கும் இடையே இறுதி ஒப்பந்தம் தொடர்பாக இழுபறி நீடித்தது. அணி ஐஎஸ்எல் தொடரில் விளையாடுமா என்பதே சந்தேகமானபோது, ஜூலை மாதம் மன்ற அலுவலகத்தின் முன் ரசிகர்கள் திரண்டனர். காவல்துறை தடியடி நடத்தும் அளவுக்குப் பதற்றம் ஏற்பட்டது. முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்ட பின்னரே அணி அந்தப் பருவத்தில் விளையாடுவது உறுதியானது.

இதன் உச்சம் 2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நிகழ்ந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமையால் நகரம் கொந்தளித்திருந்த சூழலில், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளிடையே நடைபெறவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணங்களால் ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத அந்த மாலையில், நூறாண்டுப் பகையைச் சுமந்த இரு தரப்பு ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டனர்.

அந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஈடன் கார்டன் மைதானத்தில் இதே இரு அணிகளும் மோதிய ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் நினைவாக ரத்ததான முகாம்கள் நடத்தப்படுகின்றன. அணிப்பற்று வெறியாக மாறினால் விளைவது என்ன என்பதை இழப்பின் மூலம் அறிந்த நகரம் அது.

கொச்சியின் மஞ்சள் கூட்டம்

கொல்கத்தாவைப் போன்ற நூறாண்டு மரபு இல்லாத இடத்திலும் ரசிகர்கள் அமைப்பாகத் திரள முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. 2014-இல் தொடங்கப்பட்ட கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக அதே ஆண்டில் உருவான ‘மஞ்ஞப்பட’ என்ற ரசிகர் குழு, நாட்டின் மிகப் பெரிய கால்பந்து ரசிகர் அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்துள்ளது. கொச்சி அரங்கை மஞ்சள் நிறத்தால் நிரப்பும் இக்கூட்டம், அணியின் வணிக மதிப்புக்கும் அடிப்படையாக அமைந்தது.

கோப்பை ஏதும் இன்றிப் பத்து ஆண்டுகள் கடந்த நிலையில், 2024 டிசம்பரில் அக்குழு நிர்வாகத்துக்கு எதிராக வெளிப்படையாகப் போராடத் தொடங்கியது. டிக்கெட் வாங்குவதில்லை என்று அறிவித்தது. அணியைக் கட்டமைப்பதில் நிர்வாகம் அக்கறை காட்டவில்லை என்பதே அதன் குற்றச்சாட்டு. வீரர்களை ஆதரிப்போம், நிர்வாகத்தைக் கேள்வி கேட்போம் என்ற அந்த நிலைப்பாடு, இந்திய விளையாட்டு ரசிகர்களிடையே அரிதாகக் காணப்படும் தெளிவு.

ஆயினும் கொல்கத்தாவுக்கும் கொச்சிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் மன்ற உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது. தனியார் உரிமையில் உள்ள அணியின் ரசிகருக்கு அதுவும் இல்லை. டிக்கெட்டை வாங்காமல் இருப்பது ஒன்றே அவர் கையில் இருக்கும் வாக்குச்சீட்டு.

அழைக்கப்பட்டனர், காக்கப்படவில்லை

ரசிகர்களைக் கூட்டமாக மட்டுமே பார்ப்பதன் விலை என்ன என்பதை 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரு காட்டியது. அதற்கு முந்தைய நாள், அகமதாபாத்தில் பஞ்சாப் கிங்ஸ் அணியை 6 ரன்கள் வித்தியாசத்தில் வென்று, 18-ஆவது பருவத்தில் முதல் முறையாக ஐபிஎல் கோப்பையைக் கைப்பற்றியிருந்தது ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு. கோப்பையில்லாத ஆண்டுகள் முழுவதும் அணியை விட்டு விலகாத ரசிகர்கள், கொண்டாட்டச் செய்தி கேட்டு எம். சின்னசாமி மைதானத்தை நோக்கித் திரண்டனர். வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

காவல்துறையின் உரிய அனுமதி இன்றி, அணி நிர்வாகம் சமூக வலைதளத்தில் திடீரென வெளியிட்ட அறிவிப்பே பெருங்கூட்டம் சேரக் காரணம் என்று முதல்நோக்கில் தெரிவதாக, அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் தனது உத்தரவில் குறிப்பிட்டது. உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்குவதாக அணி நிர்வாகம் ஆகஸ்ட் இறுதியில் அறிவித்தது.

ஆறு மாதங்களுக்குப் பின்னர், டிசம்பர் 13-ஆம் தேதி கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் வேறொரு வடிவில் இது வெளிப்பட்டது. அர்ஜென்டினா நட்சத்திரம் லயோனல் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்தவர்களுக்கு, முக்கியப் பிரமுகர்களின் முதுகுகளே தெரிந்தன. குறுகிய நேரத்தில் அவர் வெளியேறியதும் பாட்டில்களும் இருக்கைகளும் பறந்தன. முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டு, விசாரணைக் குழு அமைத்தார்.

இரு நிகழ்வுகளும் தன்மையில் வேறுபட்டவை. முன்னது உயிர்களைப் பறித்த துயரம். பின்னது ஏமாற்றத்தில் விளைந்த வன்முறை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதை எந்த ஏமாற்றமும் நியாயப்படுத்தாது. எனினும் இரண்டிலும் திட்டமிட்டவர்களின் கணக்கில் ரசிகர் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

காலி இருக்கைகளின் மறுபக்கம்

ரசிகர் கூட்டம் அலைமோதும் இதே நாட்டில், பல்கலைக்கழகப் போட்டிகள் காலி இருக்கைகளின் முன்னிலையில் நடைபெறுகின்றன. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். மாணவர் அணியின் ஆட்டத்துக்கே அது நிரம்புகிறது. இந்தியாவில், 2020-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் தொடங்கப்பட்ட கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் பல ஆயிரம் மாணவ வீரர்களுக்கு மேடை அமைத்துத் தந்துள்ளன. ஆனால், தன் கல்லூரி அணியைப் பார்க்க மைதானத்துக்குச் செல்லும் பழக்கம் இங்கு வேரூன்றவில்லை.

இதன் விளைவு வீரர்களையும் தொடுகிறது. நூறு பேர், ஆயிரம் பேர் முன்னிலையில் பாராட்டையும் ஏச்சையும் கேட்டுப் பழகும் இடைநிலை அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே தாவலில் கோடிக்கணக்கானோரின் பார்வைக்கு வந்துவிடுகின்றனர். 2025 ஏப்ரல் 28-ஆம் தேதி ஜெய்ப்பூரில், 14 வயதில் 35 பந்துகளில் சதமடித்து நாட்டையே வியக்க வைத்தார் வைபவ் சூர்யவன்ஷி. அந்த வயதில் ஒருவர் சந்திக்க நேரும் பொதுக் கருத்தின் எடையை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

அணியை விடத் தனிநபரையே கொண்டாடும் போக்கும் இதனோடு இணைந்தது. 2025 ஜனவரி இறுதியில் தில்லி, ரயில்வே அணிகளிடையே நடைபெற்ற ரஞ்சி ஆட்டத்தில், 12 ஆண்டுகளுக்குப் பின்னர் விராட் கோலி களமிறங்கியதால் அருண் ஜேட்லி மைதானத்தில் பல்லாயிரம் பேர் திரண்டனர். ஹிமான்ஷு சங்வான் பந்துவீச்சில் அவர் 6 ரன்களுக்கு ஆட்டமிழந்ததும் அரங்கு விரைவாகக் காலியாகத் தொடங்கியது. ஆட்டம் தொடர்ந்துகொண்டிருந்தது, அதைக் காண வந்தவர்கள் அவர்களில் சிலரே.

வசையை விட வெறுமையே வீரர்களை அதிகம் வாட்டும் என்பதை 2018-இல் சுனில் சேத்ரி உணர்த்தினார். மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்ற ஆட்டத்தைக் காண வந்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர் மட்டுமே. அடுத்த நாள் வெளியிட்ட காணொளியில், எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் அவர் வேண்டுகோள் விடுத்தார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கான டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. முகத்துக்கு நேராக ஒரு வீரர் பேசியபோது ரசிகர்கள் செவிசாய்த்தனர் என்பதே அதன் படிப்பினை.

பணம் சேரும்போது

ரசிகரின் கருத்தோடு பணம் சேரும்போது அதன் இயல்பு மாறுகிறது. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர் பல மாகாணங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. அதன் தொடர்ச்சியாக, பந்தயத்தில் இழந்தவர்கள் கல்லூரி வீரர்களை நேரடியாகத் துன்புறுத்தும் போக்கு பெருகியது. தனிப்பட்ட கல்லூரி வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுமாறு, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச் மாதம் மாகாணங்களைக் கேட்டுக்கொண்டார்.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்ட இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. கற்பனை அணி அமைக்கும் கட்டணப் போட்டிகளும் அதனால் நின்றன. அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் கடன் சுமையையும் அடிமைத்தனத்தையும் தடுப்பது. எனினும் அதன் உடன்விளைவு ஒன்றும் கவனிக்கத்தக்கது. தன் அணி தோற்றால் வருந்துபவர் ரசிகர்; தன் பணம் போனது என்று ஒரு வீரரைச் சாடுபவர் கடன் கொடுத்தவரைப் போன்றவர். இருவரின் கோபமும் ஒன்றல்ல.

சட்டத்தில் இல்லாத சொல்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சங்கங்களைக் கண்காணிக்க தேசிய விளையாட்டு வாரியத்தையும், பிணக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயத்தையும் உருவாக்க வழிசெய்கிறது. நிர்வாகக் குழுக்களில் விளையாட்டு வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் உறுதி செய்யப்பட்டுள்ளது. நீண்டகாலக் கோரிக்கைகளுக்குக் கிடைத்த முன்னேற்றம் இது. ஆனால், ரசிகர் என்பவர் அச்சட்டத்தின் பார்வைக்குள் வரவில்லை.

அதே ஆண்டில் ஐஎஸ்எல் தொடர் முடங்கியபோது அந்த வெற்றிடம் நன்கு தெரிந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் வணிகப் பங்குதாரருக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்த நிலையில், ஜூலை 11-ஆம் தேதி தொடர் நிறுத்தி வைக்கப்பட்டது. புதிய பங்குதாரரைத் தேடிய ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 14 அணிகளுடன் தொடர் பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும் என்று 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவிக்கும் வரை நிச்சயமற்ற நிலை நீடித்தது. சம்மேளனம், மன்றங்கள், நீதிமன்றம், அரசு என எல்லாத் தரப்பும் பேசிய அந்த மாதங்களில், ரசிகர் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை.

வேறு நாடுகளில் நிலைமை மாறுபட்டிருக்கிறது. ஜெர்மனியில், மன்ற உறுப்பினர்களே வாக்குரிமையில் பெரும்பான்மை வகிக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் நடைமுறையில் உள்ளது. சில விதிவிலக்குகளும் உண்டு. 2024 பிப்ரவரியில், லீக்கில் வெளி முதலீட்டைக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் மைதானங்களில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினர். சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பந்துகள் எந்த வீரரையும் குறிவைத்தவை அல்ல.

இங்கிலாந்தில், 2021 ஏப்ரலில் ஆறு பெரிய மன்றங்கள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனித் தொடரில் சேர முடிவு செய்தபோது, ரசிகர்களின் எதிர்ப்பால் இரண்டு நாள்களில் பின்வாங்கின. அதைத் தொடர்ந்த ஆய்வுகளின் பயனாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. மன்றத்தின் சின்னத்தையோ, சொந்த மைதானச் சீருடையின் நிறத்தையோ பெரிய அளவில் மாற்ற விரும்பினால் ரசிகர்களின் பெரும்பான்மை ஆதரவைக் காட்ட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. மோகன் பகான் ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டதற்கு நிகரான ஒன்றை, அங்கு சட்டமே முன்கூட்டித் தருகிறது.

உரிமையும் பொறுப்பும்

ரசிகர்கள் சொல்வதெல்லாம் நடக்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. ஓர் அணியின் தலைவரை ரசிகர் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தால், பிரபலமானவரே எப்போதும் வெல்வார், தகுதி பின்தள்ளப்படும். பெரிய ரசிகர் குழுக்கள் எல்லா ரசிகர்களையும் பிரதிநிதித்துவப்படுத்துகின்றன என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விளையாட்டு முடிவுகள் விளையாட்டு அறிந்தவர்களிடமே இருக்க வேண்டும்.

ஆனால், விளையாட்டு முடிவுக்கு அப்பாற்பட்ட விஷயங்கள் பல உண்டு. அணியின் பெயர், சின்னம், சொந்த ஊர், டிக்கெட் விலை, குடிநீர், கழிப்பறை, வாயில்களின் பாதுகாப்பு ஆகியவற்றில் ரசிகரின் கருத்தைக் கேட்பதால் எந்த அணியின் வெற்றியும் கெடாது. ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் நிர்வாகத்தினர் ரசிகர் பிரதிநிதிகளை நேரில் சந்திப்பதும், பெரிய முடிவுகளுக்கான காரணத்தை அணி உரிமையாளர்கள் தாங்களே முன்வந்து விளக்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. வான்கடேயில் எழுந்த கூச்சலுக்கு முன்னதாக அத்தகைய ஒரு விளக்கம் வந்திருந்தால், எதிர்ப்பு இருந்திருக்கும். ஆனால் அதன் முகவரி வேறாக இருந்திருக்கும்.

ரசிகர்கள் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. வசையைத் தங்கள் வரிசையிலிருந்தே விலக்கி வைக்கும் குழுவின் சொல்லுக்குத்தான் நிர்வாகம் மதிப்பளிக்கும். ஷமிக்கும் அர்ஷ்தீப்புக்கும் நேர்ந்ததைக் கண்டிக்காத கூட்டம், அணி நிர்வாகத்திடம் பொறுப்பைக் கோரும் தகுதியை இழக்கிறது.

நெரிசலில் உயிரிழந்த பதினோரு பேரும் எந்த முடிவிலும் கலந்துகொள்ளாதவர்கள். தங்கள் அணி வென்றதைக் கொண்டாடச் சென்றவர்கள். கூட்டத்தை வரவழைக்கும் திறன் இந்திய விளையாட்டு நிறுவனங்களிடம் நிறையவே இருக்கிறது. வந்தவர்களிடம் பேசுவதற்கும், அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கும், அவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதற்குமான ஏற்பாடே இனி தேவைப்படுகிறது.